காக்காவின் கோப்புகளும் கறுப்புத் திரையும்

(நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே அல் கோபாரில் இரவு எட்டு மணி. ஊரில் பத்தரை ஆகியிருக்கும். தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு இணைப்பில் இருக்கும் நண்பர்களுக்கு என் நன்றி. வழக்கமாக இந்த மேடையில் கவிதை பற்றியும் நாவல் பற்றியும் பேசுவார்கள். நான் எழுத்தாளன் இல்லை. வரைபடம் போடுகிற டிராஃப்ட்ஸ்மேன். லினக்ஸ் என் பொழுதுபோக்கு. அதைப் பற்றி ஒரு இலக்கிய மேடையில் என்ன பேச முடியும் என்று அமைப்பாளரிடம் கேட்டேன். "அந்தச் சொற்பட்டியல் கதையைச் சொல்லுங்கள்" என்றார். அதைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் அந்தக் கதை புரிய வேண்டும் என்றால் கொஞ்சம் வரலாறும் வேண்டும்.

நான் 2001இல் இங்கே வந்தபோது துக்பாவில் ஒரு அறையில் ஐந்து பேர் தங்கியிருந்தோம். எங்களில் மூத்தவர் காயல்பட்டினத்துக்காரர். காயலில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அவர் ஊர்க்காரர்கள் அப்படிக் கூப்பிட்டதால் அம்பாசமுத்திரத்துக்காரனான எனக்கும் அவர் காக்காதான். ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் டைம் கீப்பர் வேலை. சவூதியில் இணையம் பொதுமக்களுக்கு வந்தது 1999இல். அந்த ஆண்டே தவணையில் ஒரு கணினி வாங்கிவிட்டார். அப்போது வாரவிடுமுறை வியாழன், வெள்ளி (2013இல்தான் வெள்ளி, சனி ஆயிற்று). புதன் இரவானால் நாங்கள் கார்னிஷுக்குப் போவோம். காக்கா கணினியின் முன் உட்காருவார். தன் உம்மாவும் ராத்தாவும் பேசுகிற சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருப்பார். சஹன், தம்மடை, வட்டிலப்பம், களரி. சொல், பொருள், யார் சொல்லக் கேட்டது, எந்தச் சந்தர்ப்பத்தில். இவ்வளவும் எழுதுவார். "அகராதியா காக்கா?" என்று கேட்டால், "இல்ல தம்பி, மறந்துடாம இருக்க ஒரு சிட்டை" என்பார்.

2012இல் ஊர் திரும்பினார். 2017இல் இறந்துபோனார். மறு ஆண்டு அவர் மகன் ஒரு குறுந்தட்டை எனக்கு அனுப்பிவைத்தான். "மாமா, வாப்பா எழுதினது எதுவும் திறக்க மாட்டேங்குது" என்றான். திறக்காமல் இல்லை. திறந்தது. ஆனால் திரை முழுக்கக் கொக்கியும் தொப்பியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை.

அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள தொண்ணூறுகளுக்குப் போக வேண்டும். அப்போது கணினிக்குத் தமிழ் என்று ஒன்று கிடையாது. எண்கள்தான். ஒரு எழுத்துக்கு ஒரு பைட், அதாவது 256 இடங்கள். முதல் 128 இடங்களை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. மிச்சத்தில் அவரவர் விருப்பப்படி தமிழை உட்காரவைத்தார்கள். ஒரு எழுத்துருவில் 'க' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் 'ணை' இருக்கும். பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, பதிப்பகத்துக்கு ஒரு எழுத்துரு. எழுத்துரு இல்லையென்றால் எழுத்தே இல்லை.

இதைச் சீர்செய்ய முனைந்தவர்கள் பெரும்பாலும் வேறு வேலை செய்துகொண்டிருந்தவர்கள். சிட்னியிலிருந்து பாலா பிள்ளை தமிழ்.நெட் நடத்தினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முரசு அஞ்சல் உருவாக்கிய முத்து நெடுமாறன். சுவிட்சர்லாந்தின் லோசானில் கு. கல்யாணசுந்தரம், இவர் வேதியியல் ஆராய்ச்சியாளர். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சுசெய்து இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தவர் இவர்தான். இப்படிப்பட்டவர்கள் மின்னஞ்சலில் மாதக்கணக்கில் வாதாடி உருவாக்கிய பொது ஏற்பாடுதான் டிஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்று வேறு இரண்டு ஏற்பாடுகளை அங்கீகரித்தது. ஆக, தரம் ஒன்றல்ல, மூன்று. வேடிக்கை என்னவென்றால் யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் நம் மேசையில் இருந்த கணினிகளுக்கு அதைக் காட்டத் தெரியாது.

காக்கா பெரும்பாலும் டிஸ்கியில் தட்டியிருந்தார். இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இனி என் பக்கத்துக் கதை. 2006இல் உபுண்டு 6.06 குறுந்தட்டு ஒன்று தபால் பெட்டிக்கு இலவசமாக வந்து சேர்ந்தது. அப்போது கேட்டால் உலகத்தின் எந்த மூலைக்கும் அனுப்பிவைத்தார்கள். அதைப் பழைய கணினி ஒன்றில் நிறுவினேன். ஒலி வரவில்லை. இணையத்தில் தேடினால் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: முனையத்தைத் திற, இந்தக் கட்டளையைத் தட்டு. முனையம் என்பது ஒரு கறுப்புத் திரை. சுட்டி இல்லை, படம் இல்லை. கட்டளையைத் தட்டினால் வேலை செய்யும். சரியாக நடந்தால் ஒன்றும் சொல்லாது. தப்பாக நடந்தால்தான் வாயைத் திறக்கும். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரின் ஞாபகம் வந்தது. பிடித்துவிட்டது.

நாம் தட்டுகிற கட்டளையை வாங்கிக் கணினியிடம் சேர்க்கிற நிரலுக்கு ஷெல் என்று பெயர். அடிக்கடி தட்டுகிற கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டால் அது ஷெல் நிரல். இவ்வளவுதான் விஷயம். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். அங்கே டக்ளஸ் மெக்கில்ராய்க்கு 1964லிருந்தே ஒரு எண்ணம் இருந்தது. தோட்டத்துக் குழாய்களை ஒன்றோடொன்று பூட்டுவதுபோல நிரல்களைப் பூட்ட முடிய வேண்டும். ஒன்றிலிருந்து வருவது அடுத்ததுக்குள் ஓட வேண்டும். 1973இல் தாம்சன் ஒரே இரவில் அதைச் செய்துவிட்டார். இன்றும் ஷெல்லில் ஒரு செங்குத்துக் கோட்டைப் போட்டால் அது குழாய். ஒரு சின்ன நிரல் வரிசைப்படுத்தும், ஒன்று எண்ணும், ஒன்று தேடும், ஒன்று மாற்றி எழுதும். பூட்டுவது நம் கையில்.

யூனிக்ஸ் விலைக்கு உரியதாக ஆனது. 1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன், அதுபோல ஒன்றை யாரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் ஏற்றபடி புதிதாக எழுதப்போவதாக அறிவித்தார். அதுதான் க்னூ. அந்தத் திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் 1989இல் எழுதிய ஷெல்லுக்கு பாஷ் என்று பெயர். ஸ்டீபன் பார்ன் எழுதிய பழைய ஷெல்லின் மறுபிறவி என்ற சிலேடை அது. 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தான் எழுதிவரும் இயங்குதளத்தைப் பற்றி நாலு வரி எழுதினார். வெறும் பொழுதுபோக்குதான், க்னூ மாதிரிப் பெரிதாக வராது என்றும் அதில் சொல்லிக்கொண்டார். அந்தப் பொழுதுபோக்குதான் லினக்ஸ்.

இந்த மென்பொருள்களுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் இலவசம், சுதந்திரம் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லும். அதை விளக்கியே அவர்களுக்கு நாக்கு வறண்டுபோகும். தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் 'கட்டற்ற' என்று வைத்துவிட்டார்.

தமிழில் லினக்ஸைக் கொண்டுவந்தவர்களும் மாலைநேரத்து ஆட்கள்தான். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் டொராண்டோவில் இருந்த வெங்கட்ரமணன் போன்றவர்கள் கே.டி.இ, க்னோம் என்ற இரண்டு திரைமுகங்களையும் தமிழாக்கக் குழு சேர்த்தார்கள். கோப்பு, அடைவு, முனையம் என்றெல்லாம் இப்போது நான் சரளமாகச் சொல்கிறேனே, அவை இப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கான வரிகளை மொழிபெயர்த்துப் புழக்கத்தில் விட்ட சொற்கள். இலங்கையில் லினக்ஸ் ஆர்வலரான மு. மயூரனும் தி. கோபிநாத்தும் 2005இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகத்துக்கு நகல் எடுத்து வைப்பது பொழுதுபோக்கு அல்ல. சென்னையில் த. சீனிவாசன் 2012இல் கணியம் இதழைத் தொடங்கினார். நான் ஷெல்லைத் தமிழில் படித்தது அதன் பிறகுதான்.

அரசு பக்கமும் முயற்சி நடந்தது. 2007 வாக்கில் எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அந்த நிறுவனத்தின் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார். 2011இல் வந்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. என் அக்கா மகனுக்கும் ஒன்று கிடைத்தது. நான் ஊருக்குப் போவதற்குள் லினக்ஸை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமா ஏற்றிவைத்திருந்தான்.

சரி, குறுந்தட்டுக்கு வருவோம். முனையத்தில் ஐகான்வ் என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு குறியீட்டு ஏற்பாட்டில் இருக்கும் எழுத்தை இன்னொன்றுக்கு மாற்றும். என்னென்ன ஏற்பாடுகள் அதற்குத் தெரியும் என்று கேட்டேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களைக் கொட்டியது. ஜப்பான், ரஷ்யா, ஐ.பி.எம்.மின் பழைய பெட்டிகள். அந்தக் குவியலில் கிரெப் போட்டுத் தேடினால், டிஸ்கி இருக்கிறது!

யார் போட்டது என்று மூலநிரலைத் திறந்து பார்த்தேன். கட்டற்ற மென்பொருளில் அப்படிப் பார்க்கலாம், அதுதான் அதன் அழகு. 2002இல் புரூனோ ஹைபிள் என்ற ஜெர்மானியர் க்னூவின் அடிப்படை நூலகத்தில் சேர்த்திருக்கிறார். சாதாரண மாற்றம் அல்ல அது. டிஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் நிற்கும். 'கொ' என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பிறகு. இந்த முன்பின் அத்தனையையும் அந்த நிரல் சரிசெய்கிறது. தமிழர்கள் மின்னஞ்சலில் சண்டைபோட்டு உருவாக்கிய ஒரு ஏற்பாடு, இன்று யாரும் அதில் தட்டாத காலத்திலும், உலகத்தில் லினக்ஸ் ஓடும் பெரும்பாலான கணினிகளுக்குள் சத்தம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு நிறுவனம் விற்ற மாற்றியாக இருந்திருந்தால் அந்த நிறுவனத்தோடு போயிருக்கும்.

ஒரு கோப்பைக் கொடுத்தேன். கறுப்புத் திரையில் தமிழ் வந்தது. முதல் வரி: 'தம்மடை. ரவையில் சுடும் இனிப்பு. உம்மா சொன்னது, நோன்பு மாதம்.' கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போய் நின்றேன்.

திரும்பி வந்து செய்தது முட்டாள்தனம். எல்லாக் கோப்புகளையும் ஒரே ஓட்டத்தில் மாற்ற ஒரு வளையம் எழுதினேன். மாற்றியதை அதே பெயரிலேயே சேமிக்கச் சொன்னேன். ஷெல் அப்படிப்பட்ட கட்டளையைக் கண்டால் முதலில் எழுதவேண்டிய கோப்பைத் திறந்து காலி செய்யும். அதற்குப் பிறகுதான் ஐகான்வ் ஓடும். அது படிக்கப்போகும்போது கோப்பில் ஒன்றும் இருக்காது. நாற்பத்திரண்டு கோப்புகளும் சுழியம். வட்டில் ஏற்றியிருந்த நகல் அது ஒன்றுதான். குறுந்தட்டை மகனிடமே திருப்பி அனுப்பியிருந்தேன். "மறுபடி அனுப்பு தம்பி, இங்க ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று அவனிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. கீறல் விழாமல் அது வந்து சேரும் வரை பதினெட்டு நாள். அதற்குப் பிறகு இன்றுவரை மூலக்கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டாமல் நான் எதையும் தொடுவதில்லை.

முப்பத்தொரு கோப்புகள் டிஸ்கி. பதினொன்று வேறு ஏதோ எழுத்துரு. ஐகான்வ் தோற்றுப்போனது. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி போன்றவற்றில் போட்டுப் பார்த்தேன், பாதிதான் வந்தது. கடைசியில் செட் என்ற கட்டளையை எடுத்துக்கொண்டேன். இதைக் கண்டால் அதாக மாற்று என்பதுதான் அதன் வேலை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஊகித்து ஒரு அட்டவணை போட்டேன். 'உம்மா' எல்லாப் பக்கத்திலும் வரும், அதை வைத்து உ, ம், மா கிடைத்தது. 'வாப்பா' வ, ப் கொடுத்தது. கல்வெட்டுப் படிப்பவர்கள் அரசர் பெயரிலிருந்து தொடங்குவார்களாம். எனக்கு உம்மாவும் வாப்பாவும். இரண்டு மாத வெள்ளிக்கிழமைகள் அதில் போயின. விதிகளின் வரிசைகூட முக்கியம். கொம்பும் காலும் சேர்ந்து வருவதை முதலில் மாற்ற வேண்டும், தனிக்கொம்பைப் பிறகு. மாற்றிப் போட்டால் 'கொடி' எல்லாம் 'கொடி' ஆகிவிடும். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது.

யூனிகோடுக்கு வந்தாயிற்று, இனி கவலை இல்லை என்று நினைத்தேன். அகரவரிசைப்படுத்தலாம் என்று சார்ட் கட்டளையைக் கொடுத்தேன். 'பனை' வந்த பிறகு 'பயிர்' வந்தது. 'அகம்' வந்த பிறகு 'அக்கா'. நம் அகராதிகளில் இரண்டுமே தலைகீழ். காரணம் யூனிகோடின் தமிழ்ப் பகுதி இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 1988இல் போட்ட இஸ்கி என்ற அச்சில் வார்த்தது. அதில் ன, ந-வுக்கு அடுத்து நிற்கும். ற, ர-வுக்கு அடுத்து. இயந்திரம் எண்ணைப் பார்த்து அடுக்குகிறது. எண் தமிழ் நெடுங்கணக்கைப் பார்த்து வைத்தது அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது, இலக்கணம் படித்தவர்களுக்கு இது சுவையாக இருக்கும். தொல்காப்பியருக்கு மெய் அடிப்படை, உயிர் அதன்மேல் ஏறும். கணினிக்கு அகரம் ஏறிய 'க'தான் அடிப்படை. 'க்' வேண்டுமானால் அதன்மேல் புள்ளி என்று தனியாக ஒரு எண்ணைச் சேர்த்து அகரத்தைக் கழிக்க வேண்டும். அதனால் 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ரெவ் என்று ஒரு கட்டளை சொல்லைத் திருப்பிப் போடும். 'தமிழ்' கொடுத்தால் முன்னால் ஒரு அநாதைப் புள்ளி, பிறகு 'ழிமத'. பைட் கணக்கில் கேட்டால் 15. ஒரு குறிக்கு மூன்று பைட். கட் என்ற கட்டளையிடம் முதல் எழுத்தைக் கேட்டால் அது நீண்ட காலமாகவே பைட்டைத்தான் வெட்டித் தரும், அதாவது த-வில் மூன்றில் ஒரு பங்கு.

மூன்று பைட் என்று ஏற்பாடு செய்தவர் யார் தெரியுமா? அதே கென் தாம்சன். 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஒரு உணவகத்தில் ராப் பைக்கோடு சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் யூ.டி.எஃப்-8 ஏற்பாட்டை வரைந்தார்கள். குழாயைப் பூட்டியவரே அதில் எல்லா மொழியும் ஓடவும் வழிசெய்தார். மூன்று பங்கு இடம் பிடிக்கிறதே என்று குறைசொல்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டு அரசு 2010இல் டேஸ்16 என்று எழுத்துக்கு ஓர் எண் தரும் மாற்று ஏற்பாட்டையும் அங்கீகரித்தது. நியாயம் இருந்தது, புழக்கம் வரவில்லை. எனக்கு இடம் போனால் பரவாயில்லை, பத்தாண்டு கழித்துத் திறக்க வேண்டும்.

வரிசைக்கு நான் செய்த வைத்தியம் பழைய யூனிக்ஸ் வைத்தியம். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் நெடுங்கணக்கு வரிசைப்படி எண்களை ஒட்டு, புள்ளிக்குச் சுழியம். எண்ணை வைத்து அடுக்கு. பிறகு எண்ணைக் கிழித்து எறி. மூன்று நிரல், நடுவே இரண்டு குழாய். ஆயிரத்துச் சொச்சம் சொற்கள், ஒரு நொடிகூட ஆகவில்லை. 'அக்கா' தன் இடத்துக்குப் போனாள்.

அச்செடுத்து, பைண்டு செய்து, காயலுக்கு அனுப்பினேன். காக்காவின் ராத்தா இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். பேரப்பிள்ளைகள் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு உறை வந்தது. விட்டுப்போன சொற்களை ராத்தாவே எழுதி அனுப்பியிருந்தார், நான்கு பக்கம். பிரித்துப் பார்த்தால் அரபு எழுத்து.

அரபுத்தமிழ், நண்பர்களே. அர்வி என்றும் சொல்வார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்துப் புது எழுத்துகள் செய்துகொண்டார்கள். காயலிலும் கீழக்கரையிலும் இலங்கைக் கரையிலும் எத்தனையோ தலைமுறைப் பெண்கள் படித்ததும் எழுதியதும் இந்த எழுத்தில்தான். குறியீட்டு மாற்றம் கணினியோடு வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்தாவின் பேரனுக்கும் அதைப் படிக்கத் தெரியாது.

இதற்கு ஐகான்வ் கிடையாது. அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு எகிப்தியர். 2001இல் தொடங்கிய அரபாய்ஸ் என்ற குழு லினக்ஸை அரபியாக்கியதைப் பற்றி அவரோடு பேசியிருக்கிறேன். முனையத்தில் வலமிருந்து இடம் எழுதும் அவர்கள் பாடு நம் பாட்டுக்குக் குறைந்ததல்ல. அவரிடம் தாளைக் கொடுத்தேன். உயிர்க்குறிகள் எல்லாம் போட்டிருந்ததால் அவரால் ஒலிக்க முடிந்தது. "இது என்ன, ஒரு சொல்லும் புரியவில்லையே" என்று சிரித்துக்கொண்டே வாசித்தார். கூடுதல் புள்ளி வைத்த எழுத்துகளில் தடுக்கினார். அந்த இடங்களை நான் ஊகித்தேன். அவர் வாயிலிருந்து காயல்பட்டினத்துக் கிழவி பேசினாள்.

வியாழக்கிழமை மதிய இடைவேளைகளில் உட்காருகிறோம். அவர் வாசிக்கிறார், நான் தட்டுகிறேன். இரண்டாம் பக்கத்தின் பாதியில் இருக்கிறோம். அதில் ஒரு சொல், அவர் 'மரவை' என்கிறார். எனக்கு 'மறவை'யா 'மரவை'யா தெரியவில்லை. நேரலையில் காயல்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.